கை வைத்த நாற்காலி

எங்கள் அண்ணி பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். கெட்டதும் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, முனகிக்கொண்டே பக்கங்களைத் துப்பும் ஓர் அச்சு இயந்திரம், வராந்தாவைப் பார்த்த ஒரு ஜன்னல். சாப்பாட்டு டப்பாவை மறந்த பிள்ளை, காய்ச்சல் வந்த பிள்ளை, காய்ச்சல் வந்ததாகச் சொல்கிற பிள்ளை எல்லாரும் அந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். யார் வந்தாலும் அண்ணி ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். "சாப்பாடு ரெடி", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

ஆனால் எழுத உட்கார்ந்தால் ஆளே வேறு. வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளின் பையில் வீட்டுக்கு வருகிற பள்ளிச் செய்தித்தாளை எழுதுவது அவள்தான். ஒரே தாள், இரண்டு பக்கம். எந்த வகுப்புக்கு எப்போது தேர்வு, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, யார் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தார்கள் என்று எல்லாம் இருக்கும். காணாமல்போன பொருள்களுக்கு என்று ஒரு பகுதி உண்டு. ஊரே அதைத்தான் முதலில் பார்க்கும். "ஒற்றைக் கையுறை, ஏழு. ஏழும் இடது கை. வலது கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று எழுதுவாள். ஒரு முறை இப்படி எழுதினாள்: "பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று. முழங்கையில் பச்சை நூலால் தைத்திருக்கிறது. தைத்தவர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார்."

அந்தப் பச்சை நூல் என் கைவேலை. கோபத்தில் ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவள்தான் எப்போதுமே பேசுவதில்லையே, நான் கோபமாக இருந்தது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் அவன்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி ஒரு தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பாள். அவன் அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்துக் குடிப்பான். குடித்து முடித்ததும், "படிச்சேன், நல்லா இருக்கு" என்பான். தாளில் இருக்கிற ஈர வட்டத்தைப் பார்த்தாலே அவன் என்ன படித்தான் என்று எனக்கு விளங்கிவிடும். மாடியில் குடியிருக்கிறவளுக்கு எதற்கு வம்பு என்று நான் காட்டிக்கொடுத்ததில்லை.

இந்த வருடம் பள்ளிக்குப் புதுத் தலைமை ஆசிரியை வந்தார். கெட்டிக்காரர், நடையிலேயே வேகம் தெரியும். குளிர்கால விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணியைக் கூப்பிட்டு, விடுமுறைக்கு முன்னால் வருவதுதான் கடைசித் தாள், அதற்குப் பிறகு எல்லாச் செய்தியும் ஃபோனில் இரண்டு வரியாகப் போகும் என்று சொல்லிவிட்டார். யாரும் படிக்காத தாள், பேப்பருக்குப் பிடித்த கேடு என்பது அவர் கட்சி. அண்ணி அன்றைக்கு வாயைத் திறந்திருக்கிறாள். எல்லாரும் படிக்கிறார்கள், என் வீட்டுக்காரர் ஒரு வரி விடமாட்டார் என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுக்காரர் படிக்காம வேற யாரு படிப்பாங்க? ஊர் படிக்குதுன்னு காட்டுங்க. காட்டிட்டா தாராளமா நடத்துங்க" என்றாராம் தலைமை ஆசிரியை.

படிக்கிறார்கள் என்பதை எப்படிக் காட்டுவது? வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க முடியுமா? அன்றைக்கு அண்ணி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மனிதர்களோடு பேசுவதே அந்தத் தாளில்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு "கதவைச் சாத்து" மட்டும்தான் மிச்சம்.

கடைசித் தாளை ஒரு வாரம் இழைத்து இழைத்து எழுதினாள். விடுமுறைத் தேதிகள், வெந்நீர்க் கொதிகலன் பராமரிப்பு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கலை நிகழ்ச்சி, ஸ்வெட்டர்கள் பதினொன்று. எல்லாம் போட்டும் இரண்டாம் பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை வெற்றிடம் மிஞ்சியது. கெடுதல் அங்கேதான் வந்தது.

மூன்றாம் வகுப்பு நாடகத்தில் ஒரு ராஜா உண்டு. ராஜாவாக நடிக்கிற பையன் வீட்டில் நல்ல நாற்காலி இருக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்லி அவன் வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். பேப்பர் கேடு என்ற பேச்சு அண்ணி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு வரிக்கு ஒரு முழுத் தாளா என்று யோசித்து, செய்தித்தாளின் அடி வெற்றிடத்திலேயே அதை அடித்து, ஒரே ஒரு பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ராஜாவின் பையில் போட்டுவிட்டாள். அடுத்து அந்த வரிகளை அழித்துவிட்டு மற்ற பிரதிகளை எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். திரும்பி வந்தவள் பொத்தானை அமுக்கிவிட்டாள். நூற்றுத்தொண்ணூறு பிரதி.

வியாழக்கிழமை என் மகள் பையிலிருந்தும் ஒன்று வந்தது. கடைசி வரிவரை நானும் படித்தேன். "வெள்ளிக்கிழமை வரும்போது வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்று மறக்காமல் கொண்டுவரவும். கை வைத்ததாக இருந்தால் நல்லது." புதுத் தலைமை ஆசிரியையின் புதுச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணியிடம் கேட்கலாம் என்றால் அவள் வழக்கம்போல் அண்ணன் முன்னால் ஒரு தாளை வைத்துவிட்டு, மேடை வேலைக்கென்று உடனே பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். என் வீட்டில் இருப்பதெல்லாம் கை இல்லாத நாற்காலி. கீழே அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கை வைத்தது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அதைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் கிளம்பினோம்.

தெருவுக்கு வந்தால், ஊரே வீடு காலி செய்துகொண்டு போவது போல் இருந்தது. குளிரில் எல்லார் வாயிலும் புகை, எல்லார் தலையிலும் நாற்காலி. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஒன்று சரிவில் தானாக உருண்டு போக, அதன் சொந்தக்காரர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, பிள்ளைக்கு ஒன்றா வீட்டுக்கு ஒன்றா என்று புரியாமல் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கொண்டுவந்தாள். தையற்காரர் தன் ஸ்டூலுக்குக் கை இல்லையே என்று இரண்டு பக்கமும் கட்டையை ஆணியடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, இதற்கும் கை இருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டினார். அப்பாவுக்கும் அதில் பெருமைதான்.

அரங்கத்தின் வாசலில் தலைமை ஆசிரியை நின்றிருந்தார். உள்ளே இருநூறு நாற்காலிகளை அவரே வரிசை பிடித்துப் போட்டிருந்தார். முதல் நாற்காலி வந்தபோது சிரித்தார். பத்தாவது வந்தபோது சிரிப்பு நின்றது. பிறகு எண்ணாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிற வேலையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தாள். என் கையில் தன் வீட்டு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என் கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவி, திருப்பி, அடியைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பரிசோதனைக்காக வேண்டுமென்றே போட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டிய அத்தாட்சி தெருவெல்லாம் நிற்கிறது என்று அவள் காதில் ஓதினேன். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனாள்.

"தப்பு என்னோடது. ஒரு வீட்டுக்குப் போக வேண்டியது எல்லா வீட்டுக்கும் போயிடுச்சு" என்றாள்.

தலைமை ஆசிரியை தாளை வாங்கினார். முதல் பக்கத்தில் தேடினார். அண்ணி திருப்பிக் காட்டினாள். இரண்டாம் பக்கம், கொதிகலனுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் கீழே, கடைசி வரி. இது எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். தையற்காரர் ஸ்டூலை இறக்கி வைத்துவிட்டு, "தாள்ல போட்டிருந்துதே" என்றார், அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்பது போல. கணக்கு ஆசிரியர், நூற்றுத்தொண்ணூறு வீட்டுக்கு நூற்றெழுபத்து நாலு நாற்காலி, ஸ்டூலையும் சேர்த்து என்று அறிவித்தார்.

தலைமை ஆசிரியை தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிற மனுஷி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நடத்துங்க. இனிமே நான் குறுக்க வரமாட்டேன். ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் ஒரு தடவை பார்த்துடட்டும். உங்க வீட்டுக்காரர்தான் ஒரு வரி விடமாட்டாரே, அவரே பார்க்கட்டும்."

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வந்தான். கடையிலிருந்து நேரே வந்திருந்தான். அவன் கடையில் வாடிக்கையாளர் உட்காரக் கை வைத்த நாற்காலி ஆறு இருக்கிறது. இவன் இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, சாவகாசமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றான். சுற்றிலும் பார்த்தான்.

"என்ன, எல்லாரும் நாற்காலியைத் தூக்கிட்டு வந்திருக்காங்க?" என்றான்.

தலைமை ஆசிரியை தன் செருப்பைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. கூடப்பிறந்த தோஷம். அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள், பையிலிருந்து வெளியே எடுத்த வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புன்னகை இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவமானத்தில் மூளை குழம்பிவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

நிகழ்ச்சி நடந்தது. ராஜா நூற்றெழுபத்து நாலையும் பார்த்துவிட்டு, தன் வீட்டு நாற்காலி வேண்டாம், சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிதான் வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டான். மந்திரி முறையிடும்போதெல்லாம் சுற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். அரங்கத்து நாற்காலி இருநூறு, வீட்டு நாற்காலி நூற்றெழுபத்து நாலு, இவ்வளவும் இருக்க, என் அண்ணன் மட்டும் கடைசிவரை சுவரோரம் நின்றுகொண்டே பார்த்தான். உட்கார அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடுமுறையின் முதல் நாள். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் காலையிலேயே கீழே இறங்கினேன். சண்டை நடந்தால் பார்க்கலாம் என்ற நல்லெண்ணம்தான். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். பொய் சொன்னது தப்பு, இனிமேல் வாரா வாரம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணிக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, பழைய தாள்களின் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவன் முன்னால் வைத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய தாள். மேலே தேநீர் வட்டம் காய்ந்திருந்தது.

"இதைப் படிங்க" என்றாள்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அலுவலக உதவியாளர் பதினைந்து வருடம் நிறைவு செய்வதை ஒட்டி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்தில் ஒரு சிறு பாராட்டு, குடும்பத்தினர் வந்தால் மகிழ்ச்சி என்று ஐந்து வரி. எனக்கு நினைவு வந்தது. நான் போயிருந்தேன். முன்வரிசையில் தன் பக்கத்து இடத்தை அண்ணி காலியாக வைத்திருந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டவர்களிடம் கடையில் கூட்டம் என்றாள். கூட்டம்தான் போலிருக்கிறது என்று நான் அந்த இடத்தில் என் பையை வைத்துவிட்டேன்.

"இது எப்போ நடந்துது? நீ என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான் அண்ணன்.

"எழுதியிருந்தேனே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி என்னையும் அங்கே வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"படிச்சேன், நல்லா இருக்குன்னு சொன்னீங்க. ஆனா வரல. மூணு வருஷமா நீங்க படிச்சுட்டுத்தான் வரலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். கேட்டா என்ன சொல்லிடுவீங்களோன்னு கேக்கவும் இல்ல. நேத்து வெறுங்கையோட வந்து நின்னீங்களே, அப்பதான் புரிஞ்சுது, நீங்க படிக்கவே இல்லைன்னு. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா?"

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அண்ணன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்த ஐந்து வரியையும் முதலிலிருந்து, இந்தத் தடவை வாய்விட்டு, மெதுவாகப் படித்தான்.