சுகன்யா தொடாத ஜாடி

ஊறுகாயில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்தால் ஆத்தூர்ப் பக்கத்தில் பூத்துப்போச்சு என்பார்கள். சுகன்யா அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம் அவள் கிளறிவிட்ட எலுமிச்சை ஜாடி பூத்துப்போனது. ஆறு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை என்றானதும், மாமியார் சரஸ்வதி அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள். தன் மருமகள் ஜாடியில் மட்டும்தான் பூக்க வைப்பாள் என்று குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். சுகன்யா ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டமானது.

திண்டுக்கல்லில் ஊறுகாய் போட மூன்று நாள் பயிற்சி நடப்பதைக் கேள்விப்பட்டு, கணவன் மணிமாறனிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பத்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் நோட்டில் ஒரு வரி விடவில்லை. ஊறுகாயைக் கெடுப்பது கை அல்ல, ஈரம் என்பதை அடிக்கோடிட்டு வைத்தாள்.

திரும்பும்போது பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள், ஒரு சின்ன தராசு, பாட்டில் தூக்கும் இடுக்கி, ஊறுகாய்க்கென்றே தனியாக ஒரு கரண்டி. பாட்டில்களை இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, வெயிலில் காயவைத்தாள். எலுமிச்சையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். உப்பை நிறுத்துப் போட்டாள். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் ஒரு விரல்கடை மேலே நிற்கும்படி ஊற்றித் தேதி எழுதி ஒட்டினாள். மணிமாறன்தான் மூடிகளை இறுக்கிக் கொடுத்தான். ஒரு பாட்டிலைத் திறக்காமல் சாட்சிக்கு வைக்கப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது அவள் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

தை மாதம் நாத்தனார் பானுப்ரியாவின் மகள் ஹரிணிக்குச் சடங்கு. பந்தியில் இந்த ஊறுகாய் விழுந்தால், தன் கைமேல் கிடக்கும் பழி சொந்தக்காரர்கள் முன்னாலேயே கழிந்துவிடும் என்று சுகன்யா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, கூடியிருந்த பெண்கள் நடுவில் சரஸ்வதி பாட்டில்களைத் திறந்தாள். பதினொன்றும் பூத்திருந்தன.

"ஹரிணி பூத்துட்டா. இவ பாட்டிலும் பூத்துருச்சு. இந்த வீட்டுல பூக்காதது இவ ஒருத்திதான்."

பானுப்ரியாதான் முதலில் சிரித்தாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

சுகன்யா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் எண்ணெயில் ஒரு சோற்றுப் பருக்கை. பத்து நாள் முன்னால் பதம் பார்க்கிறேன் என்று சொல்லி மாமியார் சோற்றுக் கரண்டியோடு அடுக்களைக்குள் போய்வந்தது நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து திறந்தாள். வாசனை பந்தி வரைக்கும் போனது. பானுப்ரியா இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். சரஸ்வதி விரலைக் கடைசி வரை சப்பிவிட்டுச் சொன்னாள்:

"கடையில வாங்குனதுதானடி இது?"

மூடியை இறுக்கிய மணிமாறன் இலையைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டான்.

பங்குனியில் சரஸ்வதி மாவடு போட்டாள். அதே சோற்றுக் கரண்டிதான். ஒரு நாள் துணி கட்டாமல் திறந்து கிடந்த ஜாடிக்குள், மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுகன்யா பார்த்தாள். காயை வேறு ஜாடிக்கு மாற்றிப் புதிதாக உப்புநீர் காய்ச்சி ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர வேலை. நோட்டில் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, துவைக்கப் போனாள்.

பத்து நாளில் ஜாடி முழுக்கப் பூத்தது. சரஸ்வதி கேட்டாள்.

"முன்னாடியே பாத்தியாடி?"

"பாத்தேன் அத்த."

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"நான் தொடக்கூடாத ஜாடில்ல. என் கையே படல. அப்ப இத யாரு பூக்க வச்சது?"

சரஸ்வதி குப்பைமேட்டுக்கு ஜாடியைத் தானே தூக்கிப் போனாள். கனமான ஜாடி. வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். குழாயடியில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். சுகன்யா வாசலில் நின்று, மாமியார் என்ன பதில் சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாள்.