காய்க்காத பதினோரு மரங்கள்

பதினோரு மரங்களை வெட்டினார்கள். அடையாளம் காட்டிக் கொடுத்தது நான். இதை நினைக்கும்போது முதலில் அவர்கள் மேல் கோபம் வரும், பிறகு என் மேல் வரும். அந்த நேரத்தில் யார் எதிரே வந்தாலும் எரிந்து விழுவேன்.

2004இல் நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே தாவரவியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவே அம்மன் கோயில் காடு. அதில் பாதிக்குமேல் இரும்புலி மரம். கட்டையாக, கறுத்த பட்டையோடு, மெல்ல மெல்ல வளர்ந்து கோடாலியின் வாயை மழுங்கடிக்கிற மரம். நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருங்காலிக் குடும்பத்தில் அதுவும் ஒன்று. அதன் பூவில் எல்லாம் மூன்று மூன்றாக இருப்பதால் பழைய புத்தகங்கள் அதைத் தனிப் பேரினமாக வைத்திருந்தன. பின்னால் வந்தவர்கள் இதழை எண்ணிப் பங்காளியைப் பிரிக்கக் கூடாது என்று கருங்காலியோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் சேர்ப்பு சரிதானா என்று எங்கள் காட்டு மரங்களை வைத்துப் பார்ப்பது என் வேலை.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனையிலும் அப்படித்தான், அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஆண்பனையின் பாளை கண்ணுக்குத் தெரிகிறது. இரும்புலியின் பூ மிளகு அளவு. இலைக் கக்கத்தில் ஒளிந்திருக்கும். ஆண் மரத்தில் கொத்தாகப் பூக்கும், பெண் மரத்தில் ஒற்றையாக. பெண் பூவிலும் பெயருக்கு மகரந்தத் தாள்கள் உண்டு, ஆனால் அவற்றில் தூள் இருக்காது. லென்ஸ் இல்லாமல் இதையெல்லாம் பார்க்க முடியாது. நான் ஒரு பருவம் முழுக்க முள்ளில் கிழிபட்டு, மரம் மரமாகப் பூவைப் பிரித்துப் பார்த்து, ஆண் மரங்களில் மட்டும் சிவப்புத் துணி கட்டினேன். பதினொன்று இருந்தன.

அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. காய்க்காத மரம் அம்மனுக்கு ஆகாது, அதை மட்டும் வெட்டலாம். ஆனால் எது காய்க்கிறது, எது காய்க்கவில்லை என்று எவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பின்னிக் கிடக்கிற காட்டில் பழம் எந்தக் கிளையிலிருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அத்தனை காலம் காடு பிழைத்திருந்தது.

கோயில் தர்மகர்த்தா என் கணவரின் பெரியப்பா. ஒருநாள் காட்டோரமாக வந்தவர் நின்று கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா செவப்புத் துணி?"

"அது காய்க்காத மரங்க மாமா."

இவ்வளவுதான் சொன்னேன். ஆண்பனை மாதிரிங்க மாமா என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் போதும். கல்லூரியில் கரும்பலகையில் சூலகமும் மகரந்தப் பையும் வரைந்து கத்திப் பாடம் எடுக்கிறவள், மாமனார் முறைக்காரர் எதிரே தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஆண், பெண், காய்ப்பு என்று எதைப் பேசினாலும் பேச்சு என் வயிற்றில் வந்து நிற்கும், ஐந்து வருஷமாக அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அந்தப் பயம். சீ, என்ன படிப்பு படித்தேனோ!

வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. எங்கள் வீட்டில் உயிருக்குச் சேதமில்லை. உப்புப் பாத்தியெல்லாம் சேறாகிப் போக, நான் பிரம்மதேசம் என்ற பக்கத்து ஊரில் அம்மா வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். திரும்பி வந்தபோது, அலையில் சரிந்த கோயில் கொட்டகை புதிதாக நின்றது. வழவழவென்று கறுப்பு வைரம் பாய்ந்த கால்கள். எண்ணினேன். காட்டுக்குள் ஓடிப் போய்ப் பார்த்தால் பதினோரு அடிக்கட்டை. ஒன்றில் சிவப்புத் துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. படிச்ச பொண்ணே துணி கட்டிக் காட்டிடுச்சு, நமக்கு வேலை மிச்சம் என்று தர்மகர்த்தா ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான், யாரிடம் போய் அழுவது?

அந்த ஆடியில் பழம் இல்லை. அடுத்த ஆடியிலும் இல்லை. பெண் மரங்கள் நன்றாகத்தான் பூத்தன, பூத்துப் பூத்துக் கொட்டின. ஆடித் திருவிழாவில் அம்மனுக்கு ஒரு கூடை இரும்புலிப் பழம் படைத்தாக வேண்டும். இரண்டாம் வருஷமும் வெறுங்கூடை என்றதும் கோயிலில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். தர்மகர்த்தா என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"ஊட்டுப் பொம்பளைய காட்டுக்குள்ள வுட்டதே தப்புப்பா. கொழந்த இல்லாத கை பட்ட மரம் எங்க காய்க்கும்?"

என் கணவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போனேன்.

"மாமா, அன்னிக்கு வெக்கப்பட்டுக்கினு முழுசா சொல்லல. இப்ப சொல்றேன். நீங்க வெட்டினது ஆம்பள மரம். பதினொண்ணையும் வெட்டிட்டீங்க. பொட்ட மரம் மட்டும் தனியா நின்னு எப்படிக் காய்க்கும்? என் கைய சொன்னீங்கல்ல, டாக்டர் ரெண்டு பேரையும் வரச்சொல்லி மூணு வருஷம் ஆவுது. நான் போய்ட்டு வந்துட்டேன், எனக்குக் கொற இல்லன்னுட்டாங்க. உங்க புள்ள இன்னும் போவல."

என் கணவர் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் உப்பளத்துப் பக்கம் நடந்தார். போகட்டும் என்று விட்டேன்.

தர்மகர்த்தா என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. வேறு எங்காவது ஓர் ஆண் கன்று பிடுங்கி வந்து நட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். கன்றில் ஆணா பெண்ணா தெரியாது, பூத்தால்தான் தெரியும் என்றேன்.

"அது எப்பம்மா பூக்கும்?"

"நட்டு வையுங்க மாமா. பூக்கறப்ப நீங்க இருக்க மாட்டீங்க."