எல்லார் டப்பாவிலும் குளத்து மண்

குளத்து மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தள்ளினால், அது அறுந்து போகாமல் நாடா மாதிரி நீண்டுகொண்டே வரும். வழவழவென்று, கொஞ்சம் மீன் வாடையோடு. சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை லேசில் கையை விட்டுப் போகாது. அதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அன்றைக்கு என் விரல்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டியது குளத்து மண்ணே இல்லை, எங்கள் கடலைக் கொல்லையின் செம்மண்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருசம் அது. ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மண் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வருசம் முழுக்க இரும்புக் கேட்டும் அதட்டும் வாட்ச்மேனுமாக இருக்கிற அந்த இடத்தை ஒரே ஒரு நாள் மட்டும் ஊர் சனங்களுக்குத் திறந்து விடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம் இல்லை. மேசை போட்டு, சோதனைக் குழாய் கொடுத்து, நம் கையாலேயே செய்து பார்க்கச் சொல்வார்கள். கீரனூரிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வரும் எங்கள் அறிவியல் சார் இதைச் சொன்னபோது, அவரவர் வயலிலிருந்து ஒரு கை மண் எடுத்து வரவேண்டும், வீட்டுப் பெரியவர்களும் கூட வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருசமும் அந்த வருசமும் எங்கள் மானாவாரிக் கொல்லையில் கடலை சரியாக வரவில்லை. பூப்பதற்குள் இலை மஞ்சளடித்து, பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் "பொக்கு", அதாவது பருப்பில்லாத வெறும் ஓடு. விதையை மாற்றிப் பார்த்தார் அப்பா, எருவைக் கூட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் பல பேர் கொல்லைகளில் தைலமரம் ஊன்றிவிட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். "மண்ணுல என்ன கோளாறுன்னு யாராச்சும் சொன்னா இன்னொரு வருசம் போட்டுப் பாப்பேன். இல்லாட்டி தைலமரத்த ஊண்டிட்டுக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். அந்தக் கோளாறு என்னவென்று கண்டுபிடித்து வருகிற பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

முதல் நாள் சாயங்காலம் நானே போய், செடி ரொம்ப மஞ்சளடித்திருந்த இடமாகப் பார்த்து ஒரு கை மண் அள்ளி, பிஸ்கட் வாங்கின பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாரையோ பிடித்துக் கொடுக்கப் போகிற மாதிரி பதறினாள். எங்கள் பக்கத்தில் விதைக் கடலை கேட்டால் கொடுப்பார்கள், மாட்டைக்கூட இரவல் கொடுப்பார்கள். கொல்லை மண்ணை மட்டும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் விளைச்சல் அதோடு போய்விடும் என்பார்கள், அந்த மண்ணை வைத்து யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்பார்கள். "நம்ம மண்ண எவ கையிலயோ குடுத்துட்டு வாரேங்கிறியே, அதுவும் வெள்ளிக்கிழமையில" என்றாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் செய்வினை வைக்கத் தெரியாது என்று நான் சண்டை போட்டேன். அவள் டப்பாவை வாங்கி அடுப்படியில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். அந்த நிலையத்தின் பெரிய கூடத்தில் மேசைகளைச் சுற்றி எங்களை நிறுத்தினார்கள். எங்கள் மேசைக்கு ஒரு மேடம். சின்ன வயசு, கையில் வளையல்கூட இல்லை, முழங்கை வரைக்கும் மண். எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. டப்பாவைத் திறங்க, முதலில் மண்ணைக் கையால் தெரிந்துகொள்வோம், அப்புறம் தண்ணீரில் கலக்கிக் கலர் தாளை முக்கிப் பார்ப்போம் என்றார். திறந்தேன். உள்ளே சாம்பல் கருப்பாக, ஈரம் காயாத குளத்து மண்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் நின்றவளின் டப்பாவை எட்டிப் பார்த்தேன். அதிலும் குளத்து மண். அதற்கடுத்த பையனுடையதிலும் அதேதான், கூடவே ஒரு குட்டி நத்தை ஓடு. செம்மண்ணுக்குப் பேர்போன எங்கள் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குளத்தின் கரையைச் சுரண்டிக் கொண்டுவந்து வரிசையாக நின்றோம். ஒவ்வொரு வீட்டு அம்மாவும் தான் மட்டும்தான் சாமர்த்தியம் என்று நினைத்து விடிவதற்குள் குளத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, துணி துவைக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்களாம். துணி எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மேடம் அந்த நத்தை ஓட்டை எடுத்துப் பார்த்து, வயலில் நத்தை உண்டா என்று கேட்டார். உண்டுங்க மேடம் என்றான் அந்தப் பையன், கண்ணை இமைக்காமல். எங்கள் வரைபடத்தில் உங்கள் ஊர் செம்மண் என்றல்லவா இருக்கிறது என்று அவர் யோசித்தபோது, மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாத எங்கள் சார் முன்னால் வந்து, எங்கள் ஏரியா ரொம்ப வளமான ஏரியா மேடம் என்று பெருமையடித்துக்கொண்டார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. எல்லாரும் மண்ணைப் பிசைந்து நாடா இழுத்தோம். எல்லாருடைய நாடாவும் அருமையாக நீண்டது. எல்லாருடைய கலர் தாளும் ஒரே நிறம். நல்ல களிமண், நெல்லுக்கு ஆகும், கடலைக்கு அவ்வளவாக ஆகாது என்றார் மேடம். ஆடு மாடு குடிக்கிற குளத்தில் கடலை போட முடியாது என்பதைக் கண்டுபிடிக்கவா பஸ் ஏறி வந்தோம்?

"மேடம், இது எங்க..." என்று நான் ஆரம்பித்தேன். பின்னால் நின்ற அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். டப்பாவைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். தன் கொல்லை மண்ணை அடையாளம் தெரியாதவரா அவர். ஆனால் அதைச் சொன்னால் எல்லார் வீட்டுக் குட்டும் உடையும். வெளியூர் பெண்பிள்ளை ஒருத்தி முன்னால், உன்னை நம்பி மண் தர எங்கள் வீட்டில் பயந்தார்கள் என்று சொல்ல வேண்டும். மேடம் அப்பாவைப் பார்த்து, "ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்கய்யா, அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றார். ரெண்டு வருசமாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி அப்பாவிடம் இருந்தது. பதில் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டு வந்தாயா, திருப்பிக் கொண்டு வந்தாயா என்பது. குளத்து மண்ணுக்கே இவ்வளவு பத்திரம். நான் ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை, அதனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த மழைக்கு அப்பா தைலமரக் கன்று ஊன்றினார். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அழுதவளும் அம்மாதான். அவளைத் திட்டுவதா தேற்றுவதா என்று தெரியாமல் நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா கட்டட வேலைக்குப் போய் முதுகை ஒடித்துக்கொண்டார்.

இப்போது நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருசம் தைலமரத்தை முழுக்க வெட்டி, பொக்லைன் விட்டு வேரைத் தோண்டி எடுத்தோம். மறுபடி கடலை போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த நிலையத்தில் இந்த வருசமும் கேட்டைத் திறந்தார்கள். இந்தத் தடவை மண்ணை நானே அள்ளி, என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். மேசைகள் இருந்தன, ஆனால் யார் கையிலும் மண் இல்லை. ஒரு கருவியைக் குத்தினால் எண் வருகிறது. பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு ஓடுகிறார்கள். தொட்டால் கை அழுக்காகிவிடும் என்று டீச்சர்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு போகிறார்கள். நாடா இழுப்பது என்றால் என்னவென்று அங்கே ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

மேசையில் இருந்த ஆராய்ச்சி மாணவியிடம் எல்லாக் கதையையும் சொல்லி, அன்றைக்குக் கடலை ஏன் மஞ்சளடித்தது என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். நிறைய கொல்லைகளில் ரொம்பச் சாதாரணக் குறையாக இருந்திருக்கிறது, கொஞ்சம் ஜிப்சம் உரம் போட்டதும் சரியாகியிருக்கிறது, எங்களுடையதும் அப்படி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள். "இது தைலமரம் நின்ன மண்ணுங்கக்கா. இப்ப எப்படி இருக்குன்னு சொல்லலாம். அப்ப என்னவா இருந்துச்சுன்னு இத வச்சுச் சொல்ல முடியாது. அந்த மண்ணு இப்ப இல்லைங்கக்கா."

வீட்டில் அப்பா எனக்காகக் காத்திருந்தார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கொல்லைப் பக்கம் பார்த்தபடியே, "அன்னைக்கே அந்த மேடத்துக்கிட்டக் கேட்டிருக்கலாம்லத்தா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் கேட்டிருக்கலாம், யார் கேட்க விடவில்லை என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டிருக்கலாம்ப்பா" என்றேன்.