தள்ள ஆளில்லாத பந்தயம்

எழுபதுகளின் கடைசியில், ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பு குரங்கணி ரோட்டில் கவிழ்ந்தது. மூட்டைகளுக்குச் சேதமில்லை என்ற செய்தி அன்று சாயங்காலமே போடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்சீட்டில் இருந்த எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன செய்தி மெதுவாகத்தான் வந்தது. அதுவரை நான் ஊர் வாலிபால் அணியில் ஆடிக்கொண்டிருந்தவன்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், பக்கத்து மைதானத்தில் சிலர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடைப்பந்து ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த நாற்காலிகளில் கை வைக்கும் சட்டம் இல்லை. சாய்மானம் இடுப்பளவுக்குத்தான். சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று நின்றன. எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் சாயவில்லை. அப்படி ஒன்றில் உட்கார வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

ஊர் திரும்பியதும் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. ஊர்ச் சேவைச் சங்கத்தின் தலைவர், பெரிய ஏலக்காய் வியாபாரி, மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்தார். மாலை அவருக்கு. இரும்புக் கட்டில் போலக் கனத்த அந்த நாற்காலியின் முதுகில் அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் கடையின் பெயரும் பெயின்டில் எழுதியிருந்தன. தெருவில் நான் போனால், கடைதான் போகிறது என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

அக்கா வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மதுரையில் பார்த்ததைத் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். கைச்சட்டத்தையும், பின்னாலிருந்து தள்ளும் கைப்பிடிகளையும், பாதிச் சாய்மானத்தையும் அறுத்தெடுத்தோம். சக்கரத்தைச் சரிவாகப் பொருத்துவதற்குள் மச்சான் என்னைப் பலமுறை மண்ணில் உருட்டிவிட்டார். கடைசியில் வண்டி பம்பரம் மாதிரி திரும்பியது.

விஷயம் காதுக்குப் போய், தலைவர் பட்டறைக்கே வந்துவிட்டார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எம் பேரு எங்கப்பா?"

"அந்தா கெடக்குங்கண்ணே," என்று மச்சான் பழைய இரும்பு கிடந்த மூலையைக் காட்டினார்.

அவர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். காரணம், சங்கத்தின் சார்பில் எங்களைப் போன்றவர்களுக்கு விளையாட்டு விழா அறிவித்தாகிவிட்டது, அதிகாரிகள் வரப்போகிறார்கள், சக்கர நாற்காலி ஆட்களோ சுற்றுவட்டாரத்திலேயே நாலு பேர்தான். என்னை விட்டால் பந்தயம் மெலிந்துவிடும்.

விதியை மைதானத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் ஒரு காலேஜ் மாணவன் தள்ளிக்கொண்டு ஓடுவான். நாங்கள் விழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் விளையாட்டு அவ்வளவுதான். எனக்கு ஒதுக்கிய மாணவன் பின்னால் வந்து கைப்பிடியைத் தேடினான். அது இல்லை என்றதும் என் சட்டைக் காலரைப் பார்த்தான். அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள், நான் கிளம்பிவிட்டேன். கையை நீட்டிக்கொண்டே அவனும் பின்னால் ஓடிவந்தான். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

கோப்பை, நாற்காலியைத் தள்ளியவர்களுக்குத்தான் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். என்னைத் தள்ள ஆளில்லாததால் மேடையில் வெகுநேரம் கூடிப் பேசினார்கள். கடைசியில், பின்னால் சும்மா ஓடிவந்த மாணவனுக்கே முதல் பரிசைக் கொடுத்தார்கள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்ததால் தலைவரே இறங்கி வந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்லா உக்காந்திருந்தப்பா," என்றார்.

அந்த வாரமே மச்சானைக் கூட்டிக்கொண்டு, நாற்காலியோடு மதுரைக்கு ரயிலேறினேன். மைதானத்துக்காரர்கள் அதிகம் விசாரிக்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவர் பக்கவாட்டில் வந்து மோதினார். நாற்காலியோடு கவிழ்ந்தேன். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஒருவரும் ஐயோ என்று ஓடிவரவில்லை. மச்சான் எழுந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வெரசா எந்திரிப்பா, ஆட்டம் நிக்கிதுல்ல," என்றார் நடுவர்.

எங்கள் அணி படுமோசமாகத் தோற்றது. என்னால்தான் தோற்றோம் என்று கூட ஆடியவர்கள் முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். போடி வந்து சேரும்வரை ரயிலில் அந்தத் திட்டுகளை மச்சானிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.