வத்தல்மலையில் பாதித் தட்டுச் சோறு

போன தை மாசம் வத்தல்மலையில என் சம்பந்தி வூட்டு வாசல்ல இருந்தது அஞ்சு பேர்: நான், என் பேத்தி மல்லிகா, அவ புருஷன் சேட்டு, மாமியா பாப்பாத்தி, கையில டேப்லெட்டோட கணக்கெடுக்க வந்த பொண்ணு.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?"ன்னு அந்தப் பொண்ணு மல்லிகாவைத்தான் ரெண்டு தரம் கேட்டுச்சு. அசலாருக்கு முன்னால புது மருமக வாய் திறக்கறதில்ல. பாப்பாத்தி முந்திக்கிட்டா: "மூணு வேளையும் நெல்லுச்சோறு, வாரம் ரெண்டு தரம் கறி. எங்க மருமக காட்டு வேலைக்கே போறதில்லிங்க." மாட்டுக்குப் புல்லறுத்து வந்த மல்லிகாவோட கை ஈரம்கூட அப்பக் காயல. ஊர் ஊரா வாங்கின இப்படிப்பட்ட பதிலைப் படிச்சுப் பழகின கம்ப்யூட்டர், யாருக்கு உடம்பு பெருக்கும்னு முன்கூட்டியே சொல்லுமாம். மல்லிகா பேர்ல, குண்டாகப்போறவன்னு சிவப்பு விழுந்துச்சு.

ஆவணிக்கு மேல அவகிட்ட இருந்து பேச்சே இல்ல. கார்த்திகையில கிளம்பிட்டேன். பாப்பாரப்பட்டியில காலை 6.40 டவுன் பஸ், பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. தர்மபுரியில இருந்து ஷேர் ஜீப், அறுபது ரூபா, ஒரு மணி பத்து நிமிஷம். வளைவுல குமட்டும், முன் சீட்டு கேட்டு வாங்கிக்கங்க.

"இந்தப் பனியில எங்க ஆயா போறீங்க?"ன்னான் டிரைவர்.

"சேட்டு வூட்டுக்கு."

"ஓ, குண்டாகப்போற பொண்ணு வூடா? நான் பாத்ததில்ல. வெளியவே வர்றதில்லையாம்."

நான் பொறந்த மலைதான். அன்னைக்கு எதிர்ல வர்ற மாடுகூடத் தெரியல. வூட்டுக் கதவு திறந்தே கிடந்துச்சு. உள்ள ஒரு பொம்பளைக் குரல், எந்த ஊர்ப் பேச்சும் இல்லாத குரல்: "வணக்கம் மல்லிகா. இன்று சோற்றைக் குறைத்தீர்களா?"

"குறைச்சுட்டேங்க."

"மிக நன்று. உங்கள் எடை குறைகிறது."

அந்தக் கணக்கெடுப்புக் கம்ப்யூட்டர் பேசற போனைப் பிடிச்சுக்கிட்டு மல்லிகா சுவரோட சுவரா நின்னா. வளையல் முழங்கை தாண்டி ஏறி இருந்துச்சு. "என்னடி இது?"ன்னேன்.

"சத்தமாப் பேசாத ஆயா, அது கேக்கும்."

பாப்பாத்தி பின்னாலயே வந்தா. "மிஷினே சொல்லுது சம்பந்தி, நாங்க என்ன பண்ண? அதான் பாதித் தட்டு போடறோம்."

"நீ அளந்ததைத்தானே அது உனக்கே திருப்பி அளக்குது!"

போனை அணைச்சுட்டு, ரெண்டேகால் ஜீப்புல கூட்டிக்கிட்டு இறங்கிட்டேன். தர்மபுரி ஆஸ்பத்திரியில முப்பத்திநாலு கிலோன்னாங்க. ஆறு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. இப்ப என் வூட்டுல இருக்கா. சோத்துல கை வைக்கறதுக்கு முன்னால இன்னும் அந்த அணைச்ச போனைத் திரும்பிப் பாக்கறா.

மலைக்குப் போறவங்க கம்பளி எடுத்துக்கங்க. மூணு மணிக்கு மேல இறங்க ஜீப் இல்ல. கணக்கெடுக்க வந்தா, யாரைக் கேக்கறாங்களோ அவங்களையே தனியா பேச விடுங்க. சம்பந்தி வூட்டு மானம்னு நானும் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். பாப்பாத்தி பெருமைக்குச் சொன்னா, மிஷின் நம்புச்சு. ஆனா தினமும் அந்தப் பாதித் தட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து, முழுத் தட்டைத் தின்னு எழுந்தவன் ஒருத்தன் இருக்கான். நான் சாகற வரைக்கும் மன்னிக்காத ஆள் அவன்தான்: சேட்டு.