புட்டுப் பை முதலில் புறப்பட்டது

உலக அதிசயங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். விருந்தாளிகளைக் கோப்பி குடித்து முடிக்கவும் விடாமல் காரில் ஏற்றிவிடுவேன் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா ஜெர்மனிக்கு வந்தபோதும் அப்படித்தான் தொடங்கினேன். அத்தான் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனம் கொஞ்சம் மாறட்டும் என்று மூன்று மாத விசாவில் அவளைக் கூப்பிட்டிருந்தோம்.

அக்கா எதற்கும் அசையவில்லை. கேல்ன் நகரத்துப் பெரிய தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓம், வடிவுதான். ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு, கழுவ மாட்டினமோ?" என்றாள். வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயிலில் ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். வீடு திரும்பியதும், "தம்பி, குறை நினையாதை. மகளிட்டைச் சொல்லிப்போட்டன், திங்கட்கிழமை டிக்கெட்டை மாத்துவாள். வெள்ளனவே போறன். இனி எனக்குப் பாக்க என்ன கிடக்கு?" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திங்களுக்கு முன் ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சமிருந்தது.

ஆண்டர்நாக் என்ற ஊரில் நிலத்துக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு எழும் இடம் ஒன்று உண்டு. மனிதர்கள் ஆழத் துளை போட்டார்கள், மிச்சத்தை நிலமே பார்த்துக்கொள்கிறது. ரைன் ஆற்றில் படகேறித்தான் போகவேண்டும். படகு யாருக்காகவும் காத்து நிற்காது. பழுதுபார்க்கக் கொடுத்த கார் ஒன்பதுக்குத்தான் கிடைக்கும், ஒன்பதரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் பிடிக்கலாம்.

"ஒன்பதிலை இருந்து பத்தரை மட்டும் ராகு காலம். என்னாலை ஏலாது," என்றாள் அக்கா.

அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் போட்ட கணக்கு, இங்கே கோடையில் விடியும் நேரமே வேறு என்று வாதாடினேன்.

"உன்ரை அத்தான் ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்ட அண்டைக்கும் நான் நேரம் பாக்கேல்லை," என்றாள்.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "மச்சாள், ஒன்பதுக்கு முன்னம் பையை வெளியிலை கொண்டுபோய் வைச்சா, பயணம் தொடங்கின மாதிரித்தானே?" நல்ல நேரத்தில் பயணப் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பிறகு எப்போது இறங்கினாலும் தோஷமில்லை என்பது பழைய வழக்கம். அக்கா யோசித்தாள், பிறகு சம்மதித்தாள். புட்டும் சம்பலும் கட்டிய பையைத் தானே தூக்கிப்போய்க் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவிடம் கொடுத்தாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அதில் பையைப் பத்திரமாக வைத்தார்.

ஒன்பதரைக்கு இறங்கி, காரில் பறந்து, படகையும் பிடித்துவிட்டோம். நடு ஆற்றில் மனைவி திடீரென்று என் கையைக் கிள்ளினாள். நல்ல நேரத்தில் புறப்பட்ட பை அந்தக் கதிரையிலேயே இருந்தது. சகுனம் பிழையாய்ப் போய்விட்டது என்று அக்கா கலங்கப்போகிறாள், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னபோது அவள், "பசிச்சாத் தாங்குவம்," என்றாள். அவ்வளவுதான்.

கரையில் இறங்கிக் கூட்டத்தோடு காத்து நின்றோம். கற்களுக்கு நடுவே முதலில் ஒரு குமுறல், பிறகு கொஞ்சம் நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத் தண்ணீர் மேலே பாய்ந்தது.

"ஐயோ தம்பி, சுடப்போகுது, பின்னாலை வா!" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திருகோணமலைப் பக்கத்து வெந்நீர்க் கிணறுகள்தான்.

"சுடாது அக்கா. பச்சைத் தண்ணி. உள்ளுக்கை இருக்கிற வாயு தள்ளுது."

அவள் நம்பவில்லை. கையை நீட்டி ஒரு சொட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு மற்றக் கையையும் நீட்டினாள். தண்ணீர் தென்னை உயரத்தையெல்லாம் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காற்று திரும்பியதும் தூறல் எங்கள் பக்கம் விழுந்தது, ஆட்கள் விலகி ஓடினார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூறலுக்குள் நடந்து போனாள். சேலை நனைய, தலை நனைய, வாய்விட்டுச் சிரித்தாள். அத்தான் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

தண்ணீர் அடங்கியதும் கைபேசியைத் தா என்று கை நீட்டினாள். யாழ்ப்பாணத்தில் மகள் எடுத்தாள். திரையில் ஈரத் தலையைக் கண்டு, "என்னம்மா நடந்தது?" என்று பதறினாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, நனைஞ்சிட்டன். உந்த டிக்கெட்டை மாத்தாதை. உன்ரை அப்பாவுக்கும் சேத்து எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் வருவன்."