பச்சை வரிகளும் பத்தரை மணியும்

நான் குடியிருக்கும் உத்ரெக்ட் நகரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ஊரே சேர்ந்து கடிகாரத்தைத் திருத்துகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டி வாங்கப் போகிறார்கள். நெதர்லாந்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. யாரோ சட்டைப்பையில் கையை விட்டு எடுத்துவிட்ட மாதிரி அன்று முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நம் ஊரில் மணி என்றால் மணிதான். பஸ் வேண்டுமானால் முன்னே பின்னே வரும்.

இந்த வருடம் அந்தத் திருத்தம் என்னைத் தேடி ஆலங்குடிக்கே வந்துவிட்டது. தீபாவளிக்கு வந்தவன், விடுப்பு முடிந்தும் அக்கா வீட்டிலிருந்தே இரண்டு வாரம் வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். புதன்கிழமை மத்தியானம், வெளியே மழை. என் மேலாளர் அன்னலீஸ் அழைத்தார். “மருந்துப் பட்டியல் நேற்றையதாக இருக்கிறது. எத்தனை நாளாக இப்படி? உங்கள் ஊர் நேரம் மூன்று மணிக்குள் சொல்லுங்கள்.” அடுத்த வெள்ளிக்கிழமைதான் என்னை நிரந்தரமாக்குவதா, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடுவதா என்று அவர் முடிவு செய்கிறார். வேலை போனால் விசா போகும். விசா போனால் அங்கே பத்தாவது படிக்கும் என் மகள் பாதியில் பெட்டி கட்ட வேண்டும். பதறினால் பசிக்கும் உடம்பு என்பதால், எழுந்து போய் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு உட்கார்ந்தேன்.

என் வேலை இதுதான். ஒன்பது மருந்துக் கிடங்குகள் தினமும் உத்ரெக்ட் நேரம் காலை பத்து மணிக்குக் கையிருப்புக் கோப்புகளை அனுப்பும். நான் எழுதிவைத்த, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஜாப் என்ற நிரல் ஒன்று அவற்றைப் பார்வையிட்டு, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டலாக் என்னும் மருந்துப் பட்டியலில் எழுதிவைக்கும். அது ஓடியதா, எப்போது ஓடியது என்பதெல்லாம் ரன் ஹிஸ்டரி என்ற பக்கத்தில் வரிவரியாக இருக்கும். திறந்தேன். எல்லா வரியும் பச்சை. வெற்றி, வெற்றி, வெற்றி. பஞ்சாயத்துத் தேர்தலில்கூட இத்தனை வெற்றியை நான் பார்த்ததில்லை. சிவப்பாக ஒன்று இருந்தால் அதன் மேல் பழியைப் போடலாம், அதுவும் இல்லை.

ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். என் மடிக்கணினி நம்மூர் நேரத்தில் இருந்ததால், ஜாப் தொடங்கிய நேரம் எல்லா நாளும் ஒன்றே முக்கால். பக்கத்தில் கோப்புகள் வந்த நேரத்தை வைத்துப் பார்த்தேன். அக்டோபர் கடைசி சனிக்கிழமை வரை ஒன்றரை. மறுநாளிலிருந்து இரண்டரை. அந்த ஊரே ஒரு மணி நேரம் நகர்ந்துபோயிருக்கிறது. சர்வரின் மாறாத நேரத்தில் நான் கட்டிவைத்த ஜாப் மட்டும் நகராமல், கோப்பு வருவதற்கு முன்பே போய் நின்று, முந்தின நாள் சரக்கை எழுதிவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறது.

இதில் நான் மறைக்க நினைத்த பகுதி ஒன்று உண்டு. ஜூலையில் இந்த ஜாப் முதன்முதலாக ஓடியது ஒரு வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்கு வைக்கச் சொன்னவர் அன்னலீஸ். அப்படியே விட்டிருந்தால் கடிகாரம் மாறிய பிறகும் அங்கே பத்தரைக்கு, கோப்பு வந்த பின்தான் ஓடித் தப்பியிருக்கும். அதற்கு முந்தின நாள் வீடியோ காலில் அக்கா காலண்டரைப் பார்த்து, “வெள்ளிக்கெழம பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம்டா. முன்னாடியே ஆரம்பிச்சுரு” என்றது. பத்தே காலுக்கு மாற்றிவிட்டேன். ஏன் என்று அன்னலீஸ் கேட்டபோது, “அது நல்ல நேரம்” என்றேன். சர்வரில் அப்போது நெரிசல் குறைவு என்று எடுத்துக்கொண்டு, கூட்டத்தில் என் முன்யோசனையைப் பாராட்டினார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் போய், “ஒன்னாலதான் எல்லாம்” என்றேன்.

“நான் நம்ம ஊரு பத்தரையச் சொன்னேன். அங்கிட்டு ராகு எப்ப வாராருன்னு எனக்கு என்னடா தெரியும்?”

முந்திரி மூட்டைக்குச் சாக்கு எண்ணிக்கொண்டிருந்த மச்சான் நிமிரவே இல்லை. “மாப்ள, ராகு பாஸ்போர்ட் எடுத்துட்டாரா?”

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கடிகார மாற்றம் என்று மட்டும் சொன்னால் போதும், அதுவும் உண்மைதான். ஆனால் பதினொன்றரை ஏன் பத்தே காலானது என்று அவர் கேட்காமல் விடமாட்டார். அழைத்து, எந்த ஞாயிறிலிருந்து, எத்தனை வரி, யார் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். ராகு காலத்தையும் சொன்னேன். இனி உத்ரெக்ட் கடிகாரப்படி பதினொன்றரைக்கே ஓடும், கோப்பின் தேதி பழையதாக இருந்தால் பச்சை விழாது என்றேன்.

அன்னலீஸ் எல்லாவற்றையும் தட்டெழுதிக்கொள்வது கேட்டது.

“நம் வெள்ளிக்கிழமைச் சந்திப்பு காலை பதினொரு மணிக்கு” என்றார் அன்னலீஸ். “மாற்ற வேண்டுமா?”

கேலியா, கரிசனமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. “வேண்டாம், பதினொன்றே இருக்கட்டும்” என்றேன்.

கிளம்பும்போது அக்கா காலண்டரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தது. அதை உத்ரெக்டில் சமையலறைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. கடிகாரம் பத்தே முக்கால் காட்டுகிறது. காலண்டர்படி ராகு காலம் நடக்கிறது. ஆலங்குடியிலோ அது எப்போதோ முடிந்து, மணி மூன்றே கால். இரண்டுக்கும் நடுவில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பதினொரு மணிச் சந்திப்புக்குக் கிளம்புகிறேன்.